மேனேஜருக்கு ஒரு கண் பரிசோதனை

இந்த நாட்டில் கண் பரிசோதனைக்கு வருகிறவர்கள், எழுத்தைத் தப்பாகப் படித்துவிட்டால் மன்னிப்புக் கேட்கிறார்கள். இருட்டறையில் நாற்காலியில் உட்கார்ந்து, கடைசி வரியை உற்றுப் பார்த்து, "இ... இல்லை, எஃப்... சாரி" என்கிறார்கள். கண் தெரியாததற்கு என்னிடம் எதற்கு மன்னிப்பு என்று முதல் வருஷம் முழுக்க எனக்கு விளங்கவில்லை. தஞ்சாவூரில் ஒரு கண் மருத்துவமனையில் மூன்று வருஷம் இதே வேலை பார்த்தவன் நான். அங்கே எழுத்து தெரியவில்லை என்றால் தப்பு எழுத்தின்மேல்தான். "அச்சு சரியில்ல தம்பி, வேற அட்டை இருந்தா மாட்டுங்க" என்பார்கள். ஒரு பெரியவர் வெளியில் காத்திருந்தபோதே மொத்த வரிசையையும் காதால் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு, நான் அட்டையைக் காட்டுவதற்கு முன்பே ஒப்பித்து முடித்தார். அப்படிப்பட்ட ஊரிலிருந்து இப்படிப்பட்ட ஊருக்கு வந்தவனுக்கு, இங்கத்து மனிதர்கள் பஞ்சு மாதிரி மென்மையானவர்கள் என்று தோன்றியதில் ஆச்சரியமில்லை. சனிக்கிழமை சாயங்காலம் அவர்கள் கையில் போனை எடுத்ததும் என்ன ஆகிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

நான் இருப்பது வடக்கு இங்கிலாந்தில் ஒரு சிறு நகரம். பெயரளவுக்கு ஒரு ஆறு, நிறைய மழை, ஒரு கால்பந்து கிளப். கிளப் பெரிய இடத்துக் கிளப் இல்லை. எங்கள் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் காட்டினால் அது தண்டனை என்று ஊர்க்காரர்களே சொல்வார்கள். வந்த புதிதில் பேச்சுத்துணை இல்லாமல் தவித்தபோது, எங்கள் கண்ணாடிக் கடையின் வரவேற்பு மேஜையில் இருக்கும் லிண்டாதான் என்னை மைதானத்துக்கு இழுத்துப் போனாள். அறுபதை நெருங்குகிறவள், பிறந்ததிலிருந்தே இந்தக் கிளப்பின் ரசிகை. ரசிகர்களின் முகநூல் குழுவில் நானும் சேர்ந்தேன். முதல் பதிவில் நம் அணியின் தற்காப்பு நன்றாக இருந்தது என்று பாராட்டி எழுதினேன். ஒரே ஒரு லைக், அதுவும் லிண்டா போட்டது. அடுத்த வாரம் நாம் தோற்றதும், மேனேஜரைப் பற்றி நாகரிகமில்லாமல் நாலு வரி எழுதினேன். முகம் தெரியாத நூறு பேர் என்னைச் சகோதரா என்றார்கள். விசாவும் வரிசையும் விண்ணப்பமும் இல்லாமல் ஒரு நாட்டுக்காரன் ஆவதற்கு இப்படி ஒரு குறுக்குவழி இருக்கிறது என்பதைப் புதிதாக வரும் நம்மவர்களுக்குச் சொல்லிவைக்கிறேன். ஆனால் அதில் போகாதீர்கள்.

மேனேஜர் பெயர் டெரெக். இங்கே மேனேஜர் என்றால் கணக்குப் பார்க்கிறவர் இல்லை, அணியைப் பயிற்றுவித்து, யார் ஆடுவது என்று முடிவு செய்கிறவர். அவர் வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அந்தக் காலத்தில் ஒரு மேனேஜர் அணியை இரண்டு முறை கீழ்ப் பிரிவுக்கு இறக்கிவிட்டும் பல வருஷம் நாற்காலியில் இருந்தார் என்று லிண்டா சொல்வாள். அப்போது திட்ட வேண்டுமானால் மழையில் நடந்து மதுக்கடைக்குப் போய்த் திட்ட வேண்டும். வீடு திரும்புவதற்குள் கோபம் நனைந்துவிடும். இப்போது படுக்கையிலிருந்தே திட்டலாம். தொடர்ந்து நாலு ஆட்டம் தோற்ற அக்டோபரில் நான் என் தொழில் திறமையைக் காட்டினேன். கண் பரிசோதனை அட்டையைப் போலவே ஒன்று செய்து, கடைச் சுவரில் மாட்டிப் படமெடுத்துக் குழுவில் போட்டேன். மேலே பெரிய எழுத்து, கீழே வரவரச் சிறிய எழுத்து. சேர்த்துப் படித்தால் 'போய்த் தொலை' என்று ஆங்கிலத்தில் வரும். கீழே ஒரு வரி: 'எங்கள் மேனேஜருக்கு இலவசப் பரிசோதனை செய்யத் தயார்.' மறுநாள் காலையில் அது ஊர் முழுக்கப் பரவியிருந்தது. அடுத்த ஆட்டத்தில் அதைத் துணியில் அச்சடித்து மைதானத்தில் கட்டியிருந்தார்கள். நான் பெருமை தாங்காமல் அந்தத் துணியின் முன்னால் நின்று படமெடுத்து ஊருக்கும் அனுப்பினேன்.

ஊரில், திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில், என் அண்ணன் குமரேசன் இருக்கிறார். கொஞ்சம் சொந்த வயல், கொஞ்சம் குத்தகை வயல், மீதி நேரமெல்லாம் ஊர்க் கால்பந்து அணிக்குப் பயிற்சி. படத்தைப் பார்த்துவிட்டு உடனே கூப்பிட்டார்.

"என்னடா இது, மேனேஜர வெளிய போகச் சொல்லி பேனர் கட்டிருக்க? வேலை போயிடப் போவுதுடா!"

"எங்க கடை மேனேஜர் இல்லண்ணே. கால்பந்து மேனேஜர்."

"அவரு ஒனக்கு என்ன கெடுதல் பண்ணாரு?"

"தோத்துட்டாரு."

"நான் தோக்காத தோல்வியா?" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அப்போது எனக்கு அது நகைச்சுவையாகத்தான் பட்டது.

இரண்டு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை, லிண்டா என் அறைக்குள் எட்டிப் பார்த்தாள். முகம் வெளுத்திருந்தது. "உன் பத்து மணி ஆள் வந்திருக்கிறார்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடிப்போனாள். பின்னாலேயே டெரெக் வந்தார். தொலைக்காட்சியில் பார்த்ததைவிடக் குள்ளம். கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "இலவசம் என்று போட்டிருந்தீர்களே, இன்னும் உண்டா?" என்று கேட்டார். என் படத்தின் பின்னணியில் எங்கள் கடைச் சுவர் தெரிந்ததை யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். இங்கே அவரைப் போல அறுபது வயது தாண்டியவர்களுக்குக் கண் பரிசோதனை எப்படியும் இலவசம்தான். என்னுடைய தாராள மனசை அரசாங்கம் எப்போதோ முந்திக்கொண்டிருந்தது.

பரிசோதித்தேன். தூரத்தில் இருப்பது அருமையாகத் தெரிந்தது. கடைசி வரி வரை தடுமாறாமல் படித்தார், ஒரு சாரி கூடச் சொல்லவில்லை. கிட்டத்தில் வைத்துப் படிக்கத்தான் கண்ணாடி தேவைப்பட்டது. அதைச் சொன்னதும் சிரித்தார். போனில் இருக்கும் எழுத்தெல்லாம் சில மாதமாக மங்கலாகத்தான் தெரிகிறது, அது ஒரு வரம் என்று விட்டுவைத்திருந்ததாகச் சொன்னார். "ஆனால் என் மகளுக்குக் கண் நன்றாகத் தெரியும். எல்லாவற்றையும் அவள் படித்துவிடுகிறாள்" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். எந்தக் கண்ணாடிச் சட்டம் மலிவு என்று சொல்ல வருகிறேன் என்று நினைத்துக்கொண்டு, "இருப்பதிலேயே சாதாரணமானது போதும்" என்று எழுந்தார்.

அன்றைக்கே படத்தை நீக்கினேன். நான் நீக்கியது ஒன்று, உலாவியது ஆயிரம். சனிக்கிழமை தோற்றோம். ஞாயிற்றுக்கிழமை 'இரு தரப்பும் மனமொத்து' டெரெக் விலகுவதாகக் கிளப் அறிவித்தது. முகநூல் குழுவில் பட்டாசு வெடித்தது போலக் கொண்டாட்டம். என் பெயரைச் சொல்லி நன்றி தெரிவித்தார்கள். கண்ணாடி தயாராகி வந்தபோது அவர் தன் ஊருக்கே போய்விட்டிருந்தார். லிண்டா அதைப் பெட்டியில் வைத்து முகவரி எழுதினாள். "ஏதாவது எழுதி உள்ளே வைக்கிறாயா?" என்று கேட்டாள். பேனாவை வாங்கினேன், எழுத வரவில்லை. அந்த வாரம் முழுக்க அவள் எனக்குத் தேநீர் போடவில்லை. இந்த நாட்டில் அதற்கு 'உன்னோடு பேச்சில்லை' என்று பொருள்.

பொங்கல் வந்தது. எங்கள் ஊர்ப் போட்டியில், எங்கள் ஊர் மண்ணிலேயே, அண்ணனின் அணி பக்கத்து ஊரிடம் தோற்றது. ஒரு மணி நேரத்தில் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. என் கண் பரிசோதனை அட்டை. எழுத்துகள் மட்டும் தமிழில். மேலிருந்து கீழாக 'குமரேசன் வெளியேறு'. பக்கத்தில் ஓரத்துக் கோட்டுக்கு அருகில் லுங்கியோடு நின்று கத்தும் அண்ணனின் படம். அடியில் 'நன்றி: லண்டன் அண்ணன்'. ஊருக்கு இங்கிலாந்து முழுக்க லண்டன்தான்; அந்த அண்ணன் நான். செய்தது விக்னேஷ், எங்கள் அணியின் மாற்றுக் கோல்கீப்பர், மொபைல் கடை வைத்திருப்பவன். கூப்பிட்டுக் கத்தினேன்.

"ஏண்ணே கோவப்படுறீங்க? ஐடியா உங்களுதுதானே!" என்றான் உண்மையான வியப்போடு.

நாலைந்து நாள் தயங்கிவிட்டு அண்ணனைக் கூப்பிட்டேன். இந்த இடத்தில் அவர் நாற்று, கதிர், பொறுமை என்று வயலை வைத்து ஏதாவது உபதேசம் செய்வார் என்று நீங்கள் எதிர்பார்க்கலாம், நானும் எதிர்பார்த்தேன். "அந்த போட்டோவ எவன்டா எடுத்தான்? தொப்பை அப்படியே தெரியுது" என்றார். சிரித்தார். நானும் நம்பிச் சிரித்தேன். பிறகு அண்ணி போனை வாங்கிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய்ச் சொன்னார்: "தம்பி, அவரு நாலு நாளா கிரவுண்டு பக்கமே போகல. போர் செட்டுல போய் உக்காந்துக்குறாரு. விசில கழட்டி ஆணில மாட்டிட்டாரு. நீங்க ஏதாச்சும் பேசுங்க."

பேசுவதற்கு முன் ஊர்க் குழுவில் நீளமாக ஒரு விளக்கம் எழுதினேன். பயிற்சியாளருக்கு அவகாசம் தர வேண்டும், ஒரு தோல்வியில் மனிதனை அளக்கக் கூடாது என்றெல்லாம். ஐந்தே நிமிடத்தில் என் முகமும் அண்ணன் முகமும் சேர்ந்த படம் வந்தது: 'குடும்ப ஆட்சி ஒழிக.' அதற்கு மேல் எழுதுவதில் பயனில்லை. அண்ணனைக் கூப்பிட்டு டெரெக் கதையை முதலிலிருந்து சொன்னேன்: நாற்காலி, இலவசப் பரிசோதனை, படித்துவிடுகிற மகள், எழுத வராத சீட்டு எல்லாவற்றையும். குறுக்கே பேசாமல் கேட்டவர், கடைசியில் ஒன்றுதான் கேட்டார்.

"அந்த ஆளு இப்ப என்ன பண்றாரு?"

"தெரியலண்ணே."

"தெரியாம என்னடா? கேட்டுச் சொல்லு."

லிண்டாவிடம் கேட்டேன். கண்ணாடி கிடைத்ததும் டெரெக் அவளுக்குப் பதில் எழுதியிருந்தார். தன் ஊர்ப் பூங்காவில் பத்து வயதுக்குட்பட்ட பெண் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் பயிற்சி கொடுக்கிறாராம்; அவர்களும் எல்லா ஆட்டமும் தோற்கிறார்களாம். அப்படியே அண்ணனிடம் சொன்னேன். "எல்லா ஆட்டமுமா?" என்று கேட்டுவிட்டு வெகுநேரம் சிரித்தார். இந்தத் தடவை அது நிஜச் சிரிப்பு. மறுநாள் குழுவில் ஒரு வரி தெரிந்தது: குமரேசன் வெளியேறினார். கேட்டபடியே வெளியேறிவிட்டார், வாட்ஸ்அப்பை விட்டு. அன்று சாயங்காலம் மைதானத்தில் விசில் சத்தம் கேட்டதாக அண்ணி சொன்னார். முதல் ஆளாக ஓடி வந்தவன் விக்னேஷாம்.

மே மாதம், இங்கே பருவத்தின் கடைசி ஆட்டம், மத்தியானம் பன்னிரண்டரைக்கு. ஊரில் அப்போது சாயங்காலம் ஐந்து. தஞ்சாவூர்ப் பக்கம் பூதலூரில் கோடைப் போட்டி. அண்ணனின் அணி அரையிறுதியில் ஆடுகிறது. மாற்று ஆட்டக்காரர்கள் பெஞ்சிலிருந்து விக்னேஷ் நேரலை போடுகிறான். ஒரு காதில் மட்டும் இயர்போனை மாட்டிக்கொண்டு லிண்டாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். டெரெக்குக்கு அடுத்து வந்தவரையும் துரத்திவிட்டார்கள்; இப்போது இன்னொருவர். இருபதாவது நிமிடத்திலேயே அவரையும் போகச் சொல்லிப் பாட ஆரம்பித்துவிட்டார்கள். அந்த நேரத்தில் பூதலூரில் நாங்கள் கோல் போட்டோம். என்னை அறியாமல் கையைத் தூக்கிக் கத்திக்கொண்டு எழுந்தேன். எழுந்த பிறகுதான் தெரிந்தது, அதே நொடியில் இங்கே எங்கள் வலைக்குள் பந்து போயிருந்தது. மூன்று வரிசை திரும்பிப் பார்த்தது. "உட்காரு!" என்று பின்னாலிருந்து ஒருவர் உறுமினார். வலது காதில் அது ஒலிக்கும்போதே இடது காதில் அண்ணன், பூதலூர்ப் புழுதியில் தொண்டை கிழியக் கத்தினார்: "உக்காந்துடாதீங்கடா, எந்திரிச்சு ஓடுங்க!" லிண்டா என் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். நான் முழுசாக உட்காரவும் இல்லை, நிற்கவும் இல்லை. முழங்கால் பாதி மடிந்தபடி, இரண்டு ஆட்டமும் முடியும்வரை அப்படியே இருந்தேன்.