எட்டுக்கு நாலு

கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த எனக்குத் திருக்கை என்றால் அது சட்டிக்குள் இருக்க வேண்டிய சாமான். மிளகும் உள்ளியும் தட்டிப் போட்டுக் குழம்பு வைத்தால் எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரு பிடி கூடவே சாப்பிடுவோம். அப்படிப்பட்டவளுடைய வெள்ளவத்தை ஃப்ளாட்டில், கண்ணாடித் தொட்டியில் ஒரு திருக்கை. அதற்கு இறால் உரித்துப் போடுகிறவளும் நான்தான். இதை விதி என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது.

அது மகனுடைய மீன். கடலில் பிடிப்பது இல்லை, நல்ல தண்ணீரில் வாழ்கிற சாதி. கனடாவுக்குப் படிக்கப் போவதற்குக் கொஞ்சம் முந்தித்தான் வாங்கி வந்தான். அப்போது தேத்தண்ணிக் கோப்பைக்குக் கீழே வைக்கிற சோசர் அளவு. கனக்க வளராது அம்மா என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னான். அவன் போனான், அது வளர்ந்தது. சோறு போடுகிற பீங்கான் அளவைத் தாண்டியதும் தொட்டி போதவில்லை.

வெள்ளவத்தையில் தரை என்பது தங்கம். நாங்கள் எல்லாவற்றையும் மேலே மேலே அடுக்கிப் பழகியவர்கள். அலுமாரி சீலிங்கை முட்டும், அதற்கு மேலே சூட்கேஸ், சூட்கேசுக்கு மேலே நத்தார் மரச் சோடனைப் பெட்டி. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் கணவரும் தொட்டியை அப்படியே யோசித்தார். ஹோலில் அதே இடம், அதே அகலம், உயரம் மட்டும் என் கழுத்து மட்டம். கொள்கிற தண்ணீர் இரண்டு மடங்காகுமே என்று கடைக்காரரும் சொன்னார். எனக்கும் அது நல்ல புத்தியாகத்தான் பட்டது. வாங்கி வைத்தோம்.

திருக்கை தரையில் கிடக்கிற சீவன். தலைக்கு மேலே எவ்வளவு தண்ணீர் நின்றாலும் அதற்கென்ன? திரும்ப இடமில்லை. திரும்ப முயன்று கண்ணாடியில் உரசி உரசி மூக்கடி சிவந்துவிட்டது. பிறகு உடம்பின் ஓரம் சுற்றிவர மேலே சுருளத் தொடங்கியது. இறாலைத் தொடவே இல்லை.

கணவர் ஃபோனில் தேடித் தேடி வாசித்தார். தொட்டியின் அகலம் மீனின் உடம்பைப் போல இரண்டு மடங்காவது வேண்டுமாம், அப்போதுதான் வசதியாகத் திரும்பும். நீளம் நான்கு மடங்கு. இது இரண்டடிக்கு வளரக்கூடிய சாதி. உயரம் முழங்காலளவு இருந்தாலே காணும். "எட்டடிக்கு நாலடி," என்றார். அந்தப் பாரத்தை ஹோலின் நடுவில் வைக்க முடியாது, தூண் இருக்கிற வெளிச்சுவரோடு வையுங்கள் என்று கீழ்மாடி எஞ்சினியர் சொல்லியிருந்தார். அந்தச் சுவர் மகனுடைய அறையில் இருந்தது.

சோக்கால் தரையில் கோடு போட்டார். கோடு கட்டிலுக்குக் கீழே போய் மற்றப் பக்கத்தால் வந்தது.

"கட்டிலை எடுத்தாத்தான் சரிவரும்."

"டிசம்பரில பிள்ளை வந்தா எங்க படுக்கிறது?"

"போன டிசம்பரும் இதைத்தான் சொன்னனீர்."

"அப்ப ஆறுக்கு மூண்டு போடுங்கோ. கட்டிலை அங்கால தள்ளலாம். ஒரு மீனுக்காக உப்பிடி அகலக்கால் வைக்கிறதே?"

"ஆறுக்கு மூண்டு கொஞ்சக் காலத்துக்குத்தானப்பா. பிறகு திரும்பவும் உதே கதை. செத்துப்போகும்."

"சாகட்டும்," என்றேன்.

சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்ச் சட்டி பானையை உருட்டினேன். ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடைக் கோயிலில், மகனுடைய விசாவுக்கு மெழுகுதிரி கொளுத்தி மன்றாடி முடிந்ததும், மீனுக்கும் சேர்த்து மன்றாடினேன். பக்கத்தில் நின்ற யாருக்காவது கேட்டிருந்தால் மானம் போயிருக்கும்.

அவனே சொல்லட்டும் என்று பின்னேரம் கனடாவுக்கு வீடியோ கோல் எடுத்தேன். அவன் என் பக்கம்தான் நிற்பான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அங்கே விடிந்து, பெரிய ஜக்கெட்டோடு பஸ்ஸுக்கு நின்றான். தகப்பன் விஷயத்தைச் சொல்லச் சொல்லத் தலையாட்டினான்.

"எட்டுக்கு நாலே போடுங்கோ அப்பா. மீன் பாவம். கட்டிலை ஆருக்கும் குடுங்கோ."

"நீ வந்தா?" என்று கேட்டேன்.

பஸ் வருகிற பக்கம் எட்டிப் பார்த்தான். "வந்தாலும் ரெண்டு கிழமைதானே அம்மா. ஹோலில படுப்பன். பஸ் வந்திட்டுது, வைக்கிறன்."

நான் சொன்னனான்தானே என்று கணவர் சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன். அந்த மனுஷனோ தேத்தண்ணி போட்டுத் தந்தார்.

கீழே காவலுக்கு நிற்கிறவர் கட்டிலைக் கழற்றி, லொறி பிடித்து மட்டக்குளியில் இருக்கிற தன் வீட்டுக்குக் கொண்டு போனார். கண்ணாடிகள் லிஃப்டுக்குள் அடங்கவில்லை. படியால் தூக்கி வந்து, அந்த அறைக்குள்ளேயே வைத்து ஒட்டினார்கள். இனி இதை உடைத்தால்தான் வெளியே எடுக்கலாம் என்று ஒட்ட வந்தவர் சிங்களத்தில் சொன்னார். தெரியும் என்றேன்.

தண்ணீர் பழகியதும் திருக்கையை மாற்றினோம். ஒரு முழு வட்டம் அடித்துத் திரும்பியது. சில நாளில் ஓரங்கள் படிந்து, இறாலும் எடுக்கத் தொடங்கியது. கணவர் கதிரையைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே இருந்தார். அது பிழைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை. ஆனாலும் அதைப் பார்க்கப் பார்க்க ஆத்திரமும் வந்தது.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது, தெரிந்த அக்கா ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு, "மகன் எப்ப வாறார்?" என்று கேட்டார். வழக்கமாக டிசம்பர் என்பேன்.

"அவன் இனி வரமாட்டான் அக்கா," என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைக்கக் கையில் ஒரு லேஞ்சிகூட இருக்கவில்லை.