கேசட்டில் இல்லாத இரண்டு வரி

என் மனைவிக்குப் பாடகர் என்றால் ஒருவர்தான். வேறு யார் பாடினாலும் "நல்லாத்தான் இருக்கு" என்பாள். அதற்கு மேல் பேச்சு இல்லை.

அவர் இதற்கு முன் இரண்டு முறை கோலாலம்பூர் வந்தார். முதல் முறை நான் கேரி தீவில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிக்கொண்டிருந்தேன். லீவு கேட்கவில்லை. இரண்டாவது முறை டிக்கெட் வாங்கிவிட்டேன். அன்றைக்கென்று பந்திங் பக்கம் லோரி படுத்துவிட்டது. வீட்டுக்கு வந்தபோது கட்டிய புடவையை மாற்றாமல் உட்கார்ந்திருந்தாள். "சாப்பிடுறீங்களா?" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருக்கலாம்.

இந்த வருடம் மறுபடி வந்தார். எண்பதை நெருங்கிவிட்டார். இனி வருவது சந்தேகம் என்றார்கள். பிரிக்பீல்ட்ஸில் ஒரு சின்ன மண்டபம், ஞாயிறு பிற்பகல். கிள்ளானிலிருந்து இரண்டு மணி நேரம் முன்னதாகவே கிளம்பினோம். காருக்கு இடம் தேடி மூன்று சுற்றுச் சுற்றினேன். அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு பாட்டு. அதை அவர் வாயால் நேரில் கேட்க வேண்டும்.

வாசலில் துண்டுச் சீட்டு கொடுத்தார்கள், விருப்பப் பாட்டை எழுதிப் போட. எனக்கு எழுத்து கோணலாக வரும். அவளே எழுதினாள். பெட்டியில் போட்டுவிட்டு, உள்ளே விழுந்ததா என்று குனிந்து பார்த்தாள்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்துதான் பாடினார். குரல் இறங்கியிருந்தது. ஆனாலும் அவர்தான். நான் தனியாக லோரி ஓட்டிய காலமெல்லாம் கேசட் வழியாகப் பக்கத்து சீட்டில் இருந்த ஆள்.

சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்துப் பாடினார். ஒன்றை எடுத்து வெகுநேரம் பார்த்தார். பாட்டின் பெயரைச் சொன்னதும் அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இத இப்ப பாடினா ஆம்புலன்ஸ் கூப்பிடணும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். "நீங்க பாடுங்க, நான் கேக்கறேன்." மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினார்.

"பரவால்ல லா" என்றாள் என்னிடம். முகம் அப்படிச் சொல்லவில்லை.

கூட்டம் பாடியது. நாங்களும் பாடினோம். எனக்கு மெதுவாகப் பாட வராது. இஞ்சின் சத்தத்துக்கு மேல் பாடிப் பழக்கம். பல்லவி முடிந்தது. சரணத்தில் எல்லோரும் மூன்றாவது வரிக்குப் போனார்கள். நாங்கள் இருவரும் ஐந்தாவது வரிக்குப் போய்விட்டோம்.

அந்தப் பாட்டுக்கு எங்களிடம் இருந்தது ஒரே கேசட். ஒருநாள் லோரி பிளேயர் நாடாவை இழுத்துக் கசக்கிவிட்டது. கசங்கிய இடத்தை வெட்டிவிட்டு, செலோடேப் போட்டு ஒட்டினேன். இரண்டு வரி போய்விட்டது. பகலில் லோரியில், மாலையில் அவள் சமையலறையில், பல வருடம் அது அப்படியேதான் ஓடியது. பிறகு முழுப் பாட்டையும் கேட்டதுண்டு. வாய் மாறவில்லை.

முன் வரிசை ஆன்டி திரும்பினார். "அங்கிள், எங்க போறீங்க? எக்ஸ்பிரஸ் பஸ்ஸா?"

மேடையில் அவர் கையைத் தூக்கினார். பாட்டு நின்றது.

"யாரது, என் ரெண்டு வரிய முழுங்கினது?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் எழுந்துவிட்டாள். முப்பது வருடத்தில் நாலு பேர் முன்னால் அவள் வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

"எங்க கேசட்டுல அவ்வளவுதான் ஐயா இருக்கு! இவருதான் வெட்டி ஒட்டினாரு!"

மண்டபமே சிரித்தது. அவரும் சிரித்தார், இருமல் வரும்வரை. தண்ணீர் குடித்தார்.

"என் தொண்டையவே வெட்டிட்டாரா! சரிம்மா, உக்காருங்க. அந்த ரெண்டு வரிய நானே தர்றேன்."

வாத்தியக்காரர்களைக் கையால் அமர்த்தினார். சுருதியை நன்றாக இறக்கி, அந்த இரண்டு வரியை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு பாடினார். கடைசியில் குரல் கரகரத்தது. நிறுத்தவில்லை. மெல்லக் கடந்துபோய் முடித்தார்.

அவள் கை தட்டவில்லை. மற்றவர்கள் தட்டி ஓய்ந்த பிறகும் மடியில் கை வைத்தபடி மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது காரில் ரேடியோவைப் போடப் போனேன். என் கையைத் தள்ளிவிட்டாள்.

"கொஞ்ச நேரம் சும்மா ஓட்டுங்க லா."

கிள்ளான் வரை சும்மா ஓட்டினேன்.