டோரின் இறங்கிய குழி

கொழும்பு, கொட்டாஞ்சேனை டோரினுக்கு எட்டிப் பார்க்கிற புத்தி பிறவியிலேயே வந்தது. தண்ணீர்த் தாங்கியோ, மணிக்கூண்டோ, துறைமுகத்துக் கப்பலோ, எதைக் கண்டாலும் உள்ளே என்ன இருக்கிறதென்று பார்த்தாக வேண்டும். கப்பல் கம்பனியொன்றில் டெலிபோன் ஒப்பரேட்டர் வேலை. யுத்தம் வந்த பிறகு வீடு, ஒபிஸ், மாதா கோயில், அவ்வளவுதான். அதைத் தாண்டினால் வழிநெடுக இராணுவத்தின் கேள்வி. பாண் வாங்கப் போனாலும் அடையாள அட்டையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டுதான் போவாள். கணவர் ஹியூபேட்டோ, கடவுள் பயத்தைப் பங்கு வைத்தபோது இரண்டு தரம் வரிசையில் நின்ற மனிதர்.

ஒரு ஓகஸ்டில் தலவில அன்னம்மாள் கோயில் திருநாளுக்குப் போய்த் திரும்பும்போது, புத்தளத்துக் காட்டோரம் அவர்கள் வந்த வாடகை வான் இன்ஜின் சூடேறி நின்றுவிட்டது. சாரதி ஹமீட் அந்தப் பக்கத்துக்காரர்.

"இன்ஜின் ஆறுற வரைக்கும் வாங்க, சின்ன வயசில நாங்க இறங்கின குகையைக் காட்டுறேன்."

மணற்கல் பாறையில் கிணறுபோல வட்டமாக ஒரு குழி. கீழே அது அகன்று குகையாகப் போகிறதாம். டோரின் குனிந்தாள். குளிர்காற்று முகத்தில் பட்டது.

"நான் இறங்கப்போறன்."

"உமக்கென்ன விசரே?" என்றார் ஹியூபேட். "தமிழ்ப் பொம்பிளைக்குக் காட்டுக்க, குழிக்க என்ன வேலையெண்டு ஆமி கேட்டா என்ன சொல்லுறது? பேசாம வாரும்."

டோரினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எத்தனை வருசமாகத் தலையாட்டியாயிற்று! இன்னொரு தடவை குனிந்தாள். சட்டைக்குள்ளிருந்த அட்டையை இரண்டு விரலால் இழுத்துக் குழிக்குள் விட்டாள்.

"ஐயோ, என்ர ஐ.சி!"

ஹியூபேட்டின் முகம் வெளுத்துப்போனது. அட்டையில்லாமல் வழியிலுள்ள அத்தனை ஆமி செக்பொயின்றையும் தாண்டிக் கொழும்பு போய்ச் சேர ஏலாது. அவருடைய வயிறு குழிக்குள் நுழையாது, ஹமீட்டுக்கு முழங்கால் வருத்தம். கடைசியில் வான் இழுக்கிற கயிற்றை மரத்தில் கட்டி ஹியூபேட்டே அவளை இறக்கிவிட்டார்.

கீழே கால் பட்டதும் டோரின் வாயைப் பிளந்தாள். சுவரெல்லாம் மஞ்சளும் சிவப்புமாக வரிகள் ஓடின. தொட்டால் மணல் விரலில் உதிர்ந்தது. எங்கே போகிறாய், ஏன் போகிறாய் என்று கேட்க ஒருவருமில்லை. சந்தோசம் தாங்காமல் சத்தமாகச் சிரித்தாள். குகையும் திருப்பிச் சிரித்தது.

பிறகுதான் அட்டையைத் தேடினாள். வெளிச்சம் விழுந்த இடத்தில் அதைக் காணவில்லை.

"அன்னம்மாளே, விளையாட்டுக்குச் செய்தனான்!"

முழங்காலில் நின்று இருட்டுக்குள் மணலைத் துழாவினாள். பாறை வெடிப்பொன்றில் அட்டையின் விளிம்பு நகத்தில் தட்டுப்பட, போன உயிர் திரும்பி வந்தது. மேலேயிருந்து கூப்பிடக் கூப்பிட, இன்னொரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் கயிற்றைப் பிடித்தாள்.

செக்பொயின்றில் அட்டையைத் தட்டிப் பார்த்த ஆமிக்காரப் பொடியன், இதென்ன மணல் என்று சிங்களத்தில் கேட்டான். கீழே விழுந்துவிட்டது என்று, 'மல்லி' எனத் தம்பி முறை வைத்துச் சிங்களத்திலேயே சொன்னாள் டோரின். அவன் சிரித்துத் திருப்பிக் கொடுத்தான்.

வான் நகர்ந்ததும் ஹியூபேட் மெல்லச் சொன்னார்: "நான் உம்மட கையைப் பாத்துக்கொண்டுதான் நிண்டனான்."

டோரினுக்கு வியர்த்துவிட்டது.

"கீழ பாக்க வடிவோ?" என்றார்.

"ஓம். நல்ல வடிவு."

ஹியூபேட் தன் வயிற்றைத் தடவிப் பார்த்தார். "இதைக் கொஞ்சம் குறைக்கவேணும். அடுத்த வருசம் என்ர ஐ.சி.யும் விழும்."