கேப்டனுக்குப் பதிலாக அண்ணன்

நான் நான்காம் வகுப்புப் படித்தபோது உலகக் கோப்பை வந்தது. பள்ளிக்கு எதிரே இருந்த கடையில் ஒரு ரூபாய்க்கு ஒரு சூயிங் கம் விற்றார்கள். அதனுடன் ஒரு கிரிக்கெட் கார்டு வரும். முன்பக்கம் ஆட்டக்காரரின் படம், பின்பக்கம் அவர் எடுத்த ஓட்டங்களும் விக்கெட்டுகளும். கம் இரண்டு நிமிடத்தில் சப்பென்று ஆகிவிடும். கம்முக்காக யாரும் அதை வாங்கவில்லை.

சாப்பாட்டு மணி அடித்ததும் வேப்பமரத்தடியில் மாற்று வியாபாரம் தொடங்கிவிடும். மூன்று வெளிநாட்டுக்காரர்களைக் கொடுத்தால் நம் அணிக்காரர் ஒருவர் கிடைப்பார். விக்கெட் கீப்பர் என்றால் ஐந்து பேர் கொடுக்க வேண்டும். கார்டு சேர்த்த பெண் பிள்ளை எங்கள் வகுப்பில் நான் ஒருத்திதான். அதனால் பையன்கள் என்னை ஏமாற்றிவிடலாம் என்று நினைத்து வருவார்கள், ஏமாந்து போவார்கள். எனக்கு நம் அணி மட்டும் போதும். பதினைந்து பேரில் பதினான்கு பேர் வந்து சேர்ந்துவிட்டார்கள். கேப்டன் மட்டும் வரவில்லை.

இத்தனைக்கும் அந்தக் கார்டுகள் அச்சானது எங்கள் சிவகாசியிலேயே, என் மாமா வேலை பார்த்த பிரஸ்ஸில். மாமா அம்மாவுக்குத் தம்பி. கல்யாணமாகவில்லை, எங்களுடனேயே இருந்தார். பட்டாசுப் பெட்டி லேபிளும் காலண்டரும் ஓடிக்கொண்டிருந்த மிஷினில் அந்த சீசனுக்கு கேப்டன் நூறு நூறாக ஓடிக்கொண்டிருந்தார். ஆனால் மாமா ஒரு கார்டுகூட வீட்டுக்குக் கொண்டுவர மாட்டார். மை கலங்கி வீணாகிப்போன தாளாவது கொண்டுவாருங்கள் என்று கெஞ்சினேன். வீணானதும் கம்பெனியுடையதுதான் என்று சொல்லிவிட்டார். நான் இரண்டு நாள் அவருடன் பேசவில்லை. மூன்றாம் நாள் அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கார்டை எடுத்து நீட்டினார்.

அதில் என் அண்ணன் இருந்தான்.

அண்ணன் அப்போது ப்ளஸ் டூ. பள்ளி அணியில் வேகப்பந்து வீச்சாளன். பள்ளிகளுக்கிடையே நடந்த ஆட்டத்தில் எடுத்த அவனுடைய படத்தை மாமா கேட்டு வாங்கிப் போயிருக்கிறார். கம்ப்யூட்டர் பிரிவில் இருந்த சிநேகிதரைப் பிடித்து அதற்கு நீலச் சட்டை போடவைத்து, நிறம் சரியாக வருகிறதா என்று பார்க்க எடுக்கும் ஒரே ஒரு தாளில், காலியாக இருந்த ஒரு கட்டத்தில் அதைச் சேர்த்திருக்கிறார். உலகத்திலேயே ஒரே ஒரு கார்டு. பின்பக்கம் பிறந்த ஊர் சிவகாசி என்றும், எடுத்த விக்கெட்டுகள் நானூற்றுப் பன்னிரண்டு என்றும் இருந்தது. கணக்கு மாமாவுடையது.

அண்ணன் வெட்கப்பட்டுச் சிரித்தான். விளக்கடியில் வைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தான். மாமாவுக்கு வேலையில் கெட்ட பெயர் வரும், வெளியே காட்டாதே என்று இரண்டு பேரும் சொன்னார்கள்.

எனக்கு அதில் பெரிய சந்தோஷம் இல்லை. வீட்டில் என்னுடன் ஒரே தட்டில் முறுக்குக்குச் சண்டை போடுகிறவன் கார்டில் வந்து என்ன ஆகப்போகிறது? அடுத்த வாரமே அதை ரகசியமாக வேப்பமரத்தடிக்கு எடுத்துப் போய், கேப்டன் வைத்திருந்த பையனிடம் காட்டினேன். “உங்க அண்ணன் என்ன உலகக் கோப்பையிலயா ஆடப் போகுது?” என்று கேட்டுவிட்டு அவன் போய்விட்டான்.

மாமா தினமும் மாலையில் பிரஸ்ஸின் சாவியை முதலாளி வீட்டில் கொடுத்துவிட்டு வருவார். சில நாள் என்னையும் சைக்கிளில் முன்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போவார். அவர் முன்னறையில் மறுநாள் ஆர்டர் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது, முதலாளியின் மகள் என்னை மாடிக்குக் கூப்பிட்டுக்கொள்வாள். ப்ளஸ் ஒன் படித்த அக்கா. காய்ந்த துணிகளை எடுத்து மடித்தபடி என்னிடம் பள்ளிக் கதை கேட்பாள். அந்த மாடியிலிருந்து பார்த்தால் பையன்கள் கிரிக்கெட் ஆடும் பொட்டல் முழுவதும் தெரியும்.

கார்டு பற்றிய பேச்சு அங்கேதான் வந்தது. என்னிடம் பதினான்கு பேர் இருக்கிறார்கள் என்று பெருமையடித்துக்கொண்டேன். வீட்டில் முழு செட்டே கிடக்கிறது என்றாள் அக்கா. யாரிடமும் இல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது என்று சொல்லி, புத்தகப் பையிலிருந்து அண்ணனை எடுத்தேன்.

அக்கா அதை வாங்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். திருப்பிப் படித்துவிட்டுச் சிரித்தாள்.

“நானூத்திப் பன்னெண்டா? கம்மியால்ல போட்டிருக்கு. இங்கன நின்னு நான் எண்ணிக்கிட்டே வாரேன்.”

பிறகு அது தனக்கு வேண்டும் என்றாள். கேப்டனைக் கொடுத்தால் தருகிறேன் என்றேன். உடனே கீழே போய் எடுத்துவந்தாள். பேரம் பேசாமல் ஒருத்தர் கொடுத்தால் இன்னும் கேட்க வேண்டும் என்பது வேப்பமரத்தடியில் நான் படித்த பாடம். கேப்டன் மட்டும் போதாது, வெளிநாட்டுக் கேப்டன்களும் வேண்டும் என்றேன். அதற்கும் ஒரு தடவை கீழே போய்வந்தாள். நான் படி இறங்கும்போது, யாரிடமும் சொல்லாதே என்றாள். எனக்கும் அது சௌகரியமாக இருந்தது. முதலாளி வீட்டில் யார் எதைக் கொடுத்தாலும் கை நீட்டக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை.

அன்று இரவு பதினைந்து பேரையும் பாயில் வரிசையாகப் பரப்பிப் பார்த்துவிட்டுத் தூங்கினேன். அந்த அக்காவுக்குக் கிரிக்கெட் தெரியாது, பாவம் என்றுதான் நினைத்தேன்.

ஒரு மாதம் கழித்து ஒரு நாள் நடுப்பகலில் மாமா வீட்டுக்கு வந்தார். கையில் மைகூடக் கழுவாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். பரீட்சை நேரம், எனக்கு அரைநாள்தான் பள்ளி. அம்மாவிடம் மெதுவாக ஏதோ சொன்னார். அம்மா எனக்குத் தலை சீவிவிட்டு, கையைப் பிடித்து முதலாளி வீட்டுக்குக் கூட்டிப்போனாள். எதற்கென்று சொல்லவில்லை.

நடந்தது இதுதான். துவைப்பதற்கு அக்காவின் தலையணை உறையைக் கழற்றியபோது உள்ளேயிருந்து கார்டு விழுந்திருக்கிறது. தன் பிரஸ்ஸின் அட்டையும் அச்சும் முதலாளிக்குத் தெரியாதா? மாமாவைக் கூப்பிட்டுக் கேட்டதும், பிள்ளைக்கு விளையாட்டாகச் செய்துகொடுத்தேன் என்று அவர் ஒத்துக்கொண்டார். பிள்ளைக்குக் கொடுத்தது இங்கே எப்படி வந்தது என்று மகளைக் கேட்டிருக்கிறார்கள். பாப்பாவிடம் கார்டு கொடுத்து மாற்றினேன் என்று அக்கா சொல்லியிருக்கிறாள். அது நிஜமா என்று என்னிடம் கேட்கத்தான் கூப்பிட்டிருந்தார்கள்.

இதெல்லாம் நான் பின்னாளில் தெரிந்துகொண்டவை. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. கார்டுகளைத் திருப்பி வாங்கப் போகிறார்கள்.

முதலாளி பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு படிக்காமல் உட்கார்ந்திருந்தார். அக்கா உள்கதவை ஒட்டி நின்றாள். முகம் வீங்கியிருந்தது. முதலாளியம்மா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுத் தோளில் கைபோட்டுக் கேட்டார்.

“பயப்படாமச் சொல்லு பாப்பா. இந்தக் கார்ட அக்காகிட்ட நீயா குடுத்த?”

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இல்ல,” என்றேன்.

“அப்ப ஒங்கிட்ட இருந்தது எங்க போச்சு?”

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. எதையாவது சொல்ல வேண்டும்.

“அண்ணன் கேட்டுச்சு. குடுத்துட்டேன்.”

அக்கா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். பொய் சொல்கிறாள் என்று கத்துவாள் என்று நினைத்து அழுவதற்குத் தயாரானேன். அவள் திரும்பி உள்ளே போனாள்.

“நீங்களே கேட்டுக்கிட்டீக. பச்சப் பிள்ளைக்குப் பொய் சொல்லத் தெரியாது,” என்றார் முதலாளியம்மா அம்மாவிடம். அவர் நல்ல மனுஷி. நான் நடுங்குவதைப் பார்த்து ஒரு லட்டு எடுத்துக் கையில் கொடுத்தார். வரும் வழியில் அதைத் தின்றுகொண்டே வந்தேன். கை நீட்டியதற்கு அன்றைக்கு மட்டும் அம்மா என்னைத் திட்டவில்லை.

அண்ணனுக்கு அன்று வேதியியல் பரீட்சை. கேள்வித்தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பசிக்கிறது என்று சொல்லியபடி வந்தான். அம்மா தட்டு வைக்கவில்லை. நீதானே அந்தப் பெண்ணுக்குக் கார்டைக் கொடுத்தாய் என்று அம்மா கேட்டதும் திகைத்துப்போனான். அந்தப் பெண்ணுடன் ஒரு வார்த்தை பேசியதில்லை என்றான். மாடியில் துணி எடுக்கும்போது பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான் என்றான். அம்மா அவனை அறைந்தாள்.

“அப்ப இந்தச் சின்னவ பொய் சொல்றாளா?”

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் வீட்டுப்பாட நோட்டில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டேன். அவன் சாப்பிடாமல் எழுந்து போய் அடுத்த பரீட்சைக்குப் படித்தான்.

மாமாவை மறுநாளிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பட்டாசு ஆர்டர் எடுக்க வடக்கே போயிருந்த அப்பா ரயிலேறி வந்தார். அவர் சத்தம் போடவில்லை. நாக்பூரில் தனக்குத் தெரிந்தவர் பட்டாசுக் கடையில் ஆள் கேட்கிறார், பரீட்சை முடிந்ததும் இவன் அங்கே போகட்டும் என்றார். மதுரையில் ஒரு கல்லூரியில் விளையாட்டுக்கென்று ஒதுக்கிய இடம் அண்ணனுக்குக் கிடைக்கும் என்று பள்ளியில் பேசிவைத்திருந்தார்கள். விளையாட்டு ஆசிரியர் வீட்டுக்கு வந்து அரைமணி நேரம் எடுத்துச் சொன்னார். அப்பா அவருக்குக் காபி கொடுத்து, வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

அதற்குள் நம் அணி முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பிவிட்டது. வேப்பமரத்தடியில் யாரும் கூடவில்லை. கடைக்காரர் ஒரு கம்முக்கு மூன்று கார்டு கொடுத்துப் பார்த்தார். கேப்டன் சாக்கடை ஓரமெல்லாம் கிடந்தார். பதினைந்து பேரும் முழுதாக என்னிடம் இருந்தார்கள், காட்டுவதற்கு ஆளில்லை.

மாமா வேறொரு சின்னப் பிரஸ்ஸில் கட்டிங் மிஷினுக்குப் போனார். என்னிடம் கடைசிவரை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்த அக்காவை வெளியூர் ஹாஸ்டலில் சேர்த்து, ப்ளஸ் டூ முடிந்த கையோடு கல்யாணம் செய்துகொடுத்துவிட்டார்கள். பல வருடம் கழித்து விருதுநகரில் ஒரு கல்யாண வீட்டில் பார்த்தேன். என்ன படிக்கிறாய் என்று கேட்டாள். அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டாள். வேறு யாரையும் கேட்கவில்லை. சொல்ல வேண்டும் என்று நினைத்து நான் அவள் பின்னாலேயே பந்திவரை போனேன். பக்கத்தில் அவள் கணவர் வந்து உட்கார்ந்துவிட்டார்.

அண்ணனுக்கு இப்போது நாக்பூரில் சொந்தக் கடை. ஒரு தடவை போனில் அந்தப் பேச்சை எடுத்தேன். லோடு வந்து நிற்கிறது, அப்புறம் பேசலாம் என்றான். அப்புறம் இரண்டு பேருமே பேசவில்லை.

அவன் கிளம்பிய நாள் காலையில் அப்பா ஆட்டோ பிடிக்கப் போயிருந்தார். அம்மா அடுப்படியில் அவனுக்குப் புளியோதரை கட்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் படுக்கையைக் கட்டக் கயிறு தேடியவன் என் கார்டு டப்பாவைத் திறந்துவிட்டான். பின்கட்டிலிருந்து என்னைக் கூப்பிட்டான். போனேன். கையில் கேப்டன் இருந்தார்.

“கேப்டன் கெடச்சிட்டாரு போல,” என்றான்.

அவன் கோபமாக இல்லை. கார்டை டப்பாவில் பழையபடி வைத்து மூடினான். என் உயரத்துக்குக் குத்தவைத்து உட்கார்ந்தான். அடுப்படிப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

“அத வாங்கும்போது அந்தப் பிள்ள எதாச்சும் சொல்லுச்சா பாப்பா?”

“நான் குடுக்கலண்ணே.”

“சரி, நீ குடுக்கல. எதாச்சும் சொல்லுச்சா?”

அக்கா சொன்னது ஒரு வார்த்தை விடாமல் எனக்கு நினைவிருந்தது. ஆனால் அதைச் சொன்னால் கொடுத்ததை ஒத்துக்கொண்டதாகிவிடும். போகிற நேரத்தில் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போய்விடுவான். கெட்டிக்காரத்தனமாக என் வாயைப் பிடுங்குகிறான் என்று நினைத்தேன்.

“ஒண்ணுமே சொல்லல,” என்றேன்.

வாசலில் ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது. அவன் எழுந்திருக்கவில்லை. இன்னொரு தடவை அடித்தது. அப்போதும் அப்படியே உட்கார்ந்து, நான் இன்னும் ஏதோ சொல்லப் போகிறேன் என்பதுபோல என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ரயிலுக்கு நேரமாகிறதே, இவன் ஏன் இன்னும் கிளம்பவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது.