வாசலில் கிடக்கும் ஷூ

பெருமாள்சாமியின் ஷூ வாசலில் கிடந்தால் அந்த லைன் வீடுகளில் யாரும் உரக்கப் பேசுவதில்லை. நைட் ஷிப்ட் முடித்து வந்தவர் உள்ளே தூங்குகிறார் என்று அர்த்தம். யாரும் கூடிப் பேசி வகுத்த விதியல்ல. ஒரகடம் பக்கத்தில் சுவரோடு சுவர் ஒட்டிய இந்த ஒற்றை அறைகளில், ஏதாவது ஒரு வாசலில் கனத்த கம்பெனி ஷூ பகலில் கிடக்கும். அதைப் பார்த்ததும் பிள்ளைகள் தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

பெருமாள்சாமி கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். கல்யாணத்துக்கு முன்பே இங்கே வந்து, கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் பிரஸ் லைனில் நிலைத்தவர். இரவெல்லாம் இரும்புத் தகடு அடிபடும் சத்தத்தில் நின்றுவிட்டு வருகிறவருக்கு, வீட்டில் ஒரு டம்ளர் உருண்டால்கூடத் தூக்கம் கலைந்துவிடும். மகள் வேல்விழி நடக்கப் பழகிய வயதிலேயே மனைவி செல்வலட்சுமி அவளுக்கு நுனிக்காலில் நடக்கக் கற்றுக்கொடுத்தாள். கொஞ்சம் வளர்ந்ததும், ஒலியை அணைத்த போனைக் கையில் கொடுத்து மூலையில் உட்கார வைத்தாள். பள்ளி சேர்ந்த பிறகு மாலைகளும் விடுமுறைகளும் அந்த மூலையில்தான்.

பெருமாள்சாமி மகளை அதட்டியதே இல்லை. புகழ்ந்தார். எம் பிள்ளை இருக்கிற இடமே தெரியாது என்று கம்பெனி பஸ்ஸில் சொல்லிக்கொண்டு வருவார். வாடகை வாங்க வரும் வீட்டுக்காரம்மா கங்கம்மாள்கூட ஒருமுறை, “இன்னா தம்பி, உன் பொண்ணு பூனை மாரி வருது. பின்னால வந்து நின்னாக்கூட தெரியமாட்டேங்குது” என்றபோது பெருமையாகச் சிரித்தார். அதட்டலையாவது ஒரு குழந்தை எதிர்த்து அழலாம். பாராட்டை எப்படி எதிர்க்கும்?

இந்தக் கோடை விடுமுறையின் தொடக்கத்தில், படியேறினால் மகளுக்கு மூச்சு வாங்குகிறது என்று ஸ்ரீபெரும்புதூரில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். அவர் சோதித்துவிட்டு, நோய் ஒன்றுமில்லை, உடம்புக்கு வேலையே இல்லாததால் எடை ஏறியிருக்கிறது, தினமும் ஓடியாடட்டும் என்றார். பிறகு வேல்விழியிடமே, ஏன் விளையாடுவதில்லை என்று கேட்டார். அவள் குறையாக எதுவும் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள்.

“அப்பா தூங்குவாங்கல்ல.”



இதில் இன்னொன்றும் இருக்கிறது. அவருடைய கம்பெனியில் ஒவ்வொரு ஷிப்ட் தொடங்குமுன்னும் எல்லோரும் வரிசையில் நின்று உடற்பயிற்சி செய்ய வேண்டும். லைனில் எண்ணிக்கை சொல்பவர் பெருமாள்சாமிதான். ஊரான் பிள்ளைகளின் தோளையும் முட்டியையும் இத்தனை காலம் அசைத்துவிட்டவர் அவர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை மகளை, மனை போட்டு விற்காமல் கிடந்த காலி இடத்துக்கு அழைத்துப் போனார். அவருக்குத் தெரிந்தது அதுதான் என்பதால் ஒன், டூ, த்ரீ, ஃபோர் என்று எண்ணினார். வேல்விழி கையை உயர்த்தினாள், குனிந்தாள், நிமிர்ந்தாள். எதிலும் பிழையில்லை. முடிந்ததும் அவர் முகத்தைப் பார்த்தாள்.

“செஞ்சுட்டேன்ப்பா. போன் தாங்க.”

சற்றுத் தள்ளி மற்ற பிள்ளைகள் எல்லைக் கற்களைத் தாண்டிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். போய்ச் சேர்ந்துகொள் என்று சொன்னார். சொன்னதால் போனாள். திறந்த வெளியில், மண்தரையில், அவள் நுனிக்காலில் சத்தமில்லாமல் ஓடுவதைப் பார்த்தபோது பெருமாள்சாமி அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். பாராட்டிப் பாராட்டி அவளுக்குள் எதை நிறுத்தி வைத்தோம் என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

அந்த வாரமே, அடுத்த தெருவில் ஊர்ப் பையன்கள் சேர்ந்து எடுத்திருந்த அறையில் பகலில் படுத்துக்கொள்ள ஆரம்பித்தார். அவர்களுக்குப் பகல் ஷிப்ட். அறை காலியாக இருக்கும். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அவர்களில் ஒருவன், இசக்கி, விடவில்லை.

“என்னண்ணே, வீட்ட வச்சுக்கிட்டு இங்க வந்து படுக்கிய? மதினி வெரட்டிட்டாவளா?”

“பிள்ள விளாடட்டும்டே” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

இதைத் தியாகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எடுத்துக்கொண்டதில் கொஞ்சத்தைத் திருப்பி வைக்கப் பார்த்தார், அவ்வளவுதான். திருப்பி வைத்தது சேர்ந்ததா என்பதும் அவருக்கு நிச்சயமில்லை. வாசலில் ஷூ இல்லாத முதல் நாட்களிலும் மகள் மூலையில்தான் உட்கார்ந்திருந்தாள் என்று செல்வலட்சுமி சொன்னாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்து கையைப் பிடித்து இழுத்த பிறகே வெளியே போனாளாம்.

மே மாதக் கடைசியில் ஒரு பகலில், இசக்கியின் அறையில் புழுக்கம் தாங்காமல் எழுந்து வீட்டை நோக்கி நடந்தார். தெருமுனையிலேயே கயிறு தரையில் அடிபடும் சத்தம் கேட்டது. இரண்டு பெண்கள் இரு முனைகளைப் பிடித்துச் சுழற்ற, நடுவில் வேல்விழி குதித்துக்கொண்டிருந்தாள். முழுப் பாதமும் தரையில் விழுந்தது. முகம் சிவந்திருந்தது. வாய்விட்டுக் கத்தி எண்ணிக்கொண்டிருந்தாள்.

கயிறு சுழற்றியவளின் கண்ணில் அவருடைய ஷூ பட்டது. கயிறு நின்றது. தெரு முழுவதும் அடங்கிவிட்டது. வேல்விழி நுனிக்காலில் அவரிடம் வந்தாள்.

“தூங்க வந்தீங்களாப்பா?”

“இல்ல தாயி. தண்ணி குடிக்க வந்தேன்.”

ஷூவைக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே தண்ணீர் வாங்கிக் குடித்தார். செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்த வழியே நடந்தார். தெருமுனை வரை பின்னால் சத்தமே இல்லை. அவர் திரும்பி மறைந்த பிறகுதான் கயிறு மீண்டும் தரையில் அடிபடத் தொடங்கியது.

நின்று கேட்க ஆசைதான். ஆனால் யாராவது எட்டிப் பார்த்துவிடக்கூடும் என்று நடையை எட்டிப் போட்டார்.