பீரோவில் பூட்டிய ஆதார் கார்டு

ஸ்ரீரங்கத்தில் சின்னதாக மெஸ் நடத்துகிறேன். சமையலுக்குப் பச்சைமலையிலிருந்து செல்வி வந்தபோது, "கார்டை வாங்கி வச்சுக்குங்க, சொல்லாம போயிட மாட்டாங்க" என்றார் ஆள் சேர்த்துவிட்டவர். எல்லாரும் செய்வதுதானே என்று அவளுடைய ஆதார் கார்டை என் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

ஊருக்குப் போய்வர இரண்டு முறை கேட்டாள். "ஏகாதசிக் கூட்டம் முடியட்டும்" என்றேன். முடிந்த பிறகும் அனுப்பவில்லை.

அரசுத் தேர்வுக்குப் படிக்கும் என் மகள் ஒருநாள் என்னைக் கேள்வி கேட்கச் சொன்னாள். 'கட்டாய வேலை வாங்குவதைத் தடுக்கும் அரசியலமைப்புப் பிரிவு எது?' என்று வாசித்தேன்.

"இருபத்தி மூணு. ஒருத்தர் கிளம்ப நினைச்சாலும் கிளம்ப முடியாம வச்சு வேலை வாங்கறதும் அதுலதாம்மா வரும்."

இடுப்பில் செருகியிருந்த பீரோ சாவி உறுத்தியது.

மறுநாள் காலையிலேயே கார்டைக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். செல்வி அன்றே பஸ் ஏறினாள். இனி வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். ஐந்தாம் நாள், ஒரு பை மரவள்ளிக்கிழங்கோடும் கல்யாணமான தங்கையோடும் வந்து நின்றாள்.

"இவளுக்கும் வேலை குடுங்கக்கா."

தங்கை தன் கார்டை என்னிடம் நீட்டினாள். நான் வாய் திறப்பதற்குள் செல்வி சொன்னாள்:

"உள்ள வைடி. அக்கா இப்பல்லாம் யாரு கார்டையும் வாங்கி வைக்கறதில்ல."