பேப்பர் உருட்டக் கூடாத பிள்ளை

மூக்கு ஒழுகும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, கடித்த பிள்ளையையும் கடிபட்ட பிள்ளையையும் ஒரே பாட்டில் சமாதானம் செய்வதுதான் எங்கள் பிழைப்பு. பட்டாசுக் கம்பெனிகள் நிறைந்த நாரணாபுரத்தில் பால்வாடி டீச்சர் நான். என்னைப் போல டீச்சர் யாராவது இருந்தால் இப்படிப் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

யார் ஆரம்பித்தது?

விருதுநகரில் எங்களுக்குப் பயிற்சி. விளையாட்டாகவே பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் முறையை ஆரம்பித்தவர் ஒரு வெளிநாட்டு மனிதர் என்று, அவர் பெருமையையே அரைநாள் பேசினார் வந்த சார். அதன்பிறகு ஊர் ஊராகப் பள்ளி திறந்து, ஏச்சும் பேச்சும் வாங்கி, அதை நடத்திக் காட்டியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர் பேச்சில் அது கடைசியில் ஒரே வரியில் வந்தது. எனக்கே பொறுக்கவில்லை. பக்கத்தில் இருந்த திருத்தங்கல் டீச்சர் எழுந்தே விட்டாள்.

"அவரு யோசிச்சாரு, சரி சார். யோசிக்கையில அழுத பிள்ளைய யாரு தூக்கி வச்சிருந்தா?"

வந்தது வினை

தாளை மடிப்பது, உருட்டுவதெல்லாம் விரலுக்கு நல்லது என்று அங்கே சொல்லித் தந்தார்கள். வந்த சூட்டோடு பழைய காலண்டர் தாளைக் கிழித்துக் கொடுத்தேன். பிள்ளைகள் உருட்டித் தள்ளிவிட்டார்கள். மாரீஸ்வரி மகள் வெண்ணிலா, தான் உருட்டிய குழாயை வீட்டுக்கே கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள்.

அடேயப்பா! மறுநாள் காலையில் மாரீஸ்வரி கம்பெனி வேனை விட்டுவிட்டு என் வாசலில் நின்றாள். பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கிற குழாய் உருட்டுவதுதான் அவள் வேலை. மகள் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது என்றுதான் என்னிடம் விட்டிருக்கிறாள். இந்த ஊர்க்காரியாக இருந்தும் எனக்கு அது உறைக்கவில்லை பாருங்கள்.

"குழா உருட்டத்தான்னா எங்கிட்டயே பழகிக்கிட மாட்டாளா டீச்சர்? நீங்களுமா இதச் சொல்லிக் குடுக்கீக? இனி அனுப்ப மாட்டேன்."

மழை லீவு

சொன்னபடியே பிள்ளையை நிறுத்திவிட்டாள். அவள் வேலைக்குப் போனபின் வெண்ணிலா பக்கத்து வீட்டு வாசலில் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். மருந்து காயாது என்று மழைக்குக் கம்பெனி லீவு விட்ட அன்று வீட்டுக்கே போய், "ஒரு நாள் நீயே வந்து பாரு மாரீஸ்வரி. பிடிக்கலைன்னா அப்புறம் நான் கேக்கவே மாட்டேன்" என்றேன்.

மகளோடு வந்தவள், கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள். பயந்துகொண்டேதான் தாளைக் கொடுத்தேன். வெண்ணிலா நாலு குழாய் உருட்டி, ஆட்டுக்குட்டிக்குக் கால் என்றாள். இன்னொன்றை அம்மா கண்ணில் வைத்து, "நான் தெரியிறேனா?" என்றாள். மாரீஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான், மறைப்பானேன்? கீழே கிடந்த ஒரு தாளை மாரீஸ்வரி எடுத்தாள்.

"நானும் ஒண்ணு உருட்டட்டா டீச்சர்? மருந்து அடைக்காததா, ஒண்ணே ஒண்ணு."

இப்போதெல்லாம் கம்பெனிக்கு மழை லீவு என்றால் எனக்குத் தாள் போதுவதில்லை. பிள்ளைகளை அடக்கிவிடலாம், கூடவே வந்து உருட்டுகிற அம்மாக்களை யார் அடக்குவது?